கழற்றிய பின்னும் ஓடும் எண்கள்

காலையில் முதல் சாவிக்கு அந்த வேன் போட்ட சத்தம் இரண்டு மூச்சு நேரம்கூட நீடிக்கவில்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடவென்று ஒரு உதறல். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் எஞ்சின் சீராக ஓட ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வசுமதி மட்டும் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"பாபுண்ணா, இதுல டைமிங் எங்கியோ மாட்டுது."

பட்டறைக்காரர் பாபுராஜ் ஸ்கேனர் திரையைத் தட்டிக் காட்டினார். பச்சை நிறத்தில் 'எல்லாம் சரி' என்று இருந்தது.

"பாரு, பச்சையாச் சிரிக்குது. உனக்குக் காதுதான் கொஞ்சம் நீளம் வசு. வண்டி இருமுனாக்கூட டி.பி.ன்னு சொல்லுவ."

அவள் சிரிக்கவில்லை. சாதாரணமாகவே அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒரு வண்டி முன்னால் நின்றுவிட்டால் அரைமணி நேரம்கூட வாயைத் திறக்காமல் நிற்பாள். பாபுராஜுக்கு அது பழகிப்போயிருந்தது. ஆனால் இன்றைய மௌனம் வேறு மாதிரி இருந்ததை அவர் கவனித்தார், ரேடியோவை நிறுத்தினார்.

சமவெளியில் எஞ்சின் வண்டிகள் ஒழிந்து வருஷங்கள் ஆகியிருந்தன. வால்பாறை மலைக்கு மட்டும் இன்னும் இந்தக் காஸ் எஞ்சின் வேன்கள்தான். ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது ஒரு மாதிரி மூச்சு விடத் தெரிந்த எஞ்சின்கள். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை ஓட ஓட மாற்றிக்கொள்ளும். எண்ணெயின் அழுத்தம் ஒரு பல்சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பும். அதற்கேற்ப வால்வுகளின் நேரம் நகரும். எண்ணெய் அங்கே போய்ச்சேருவது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ஆயில் வால்வின் வழியாக. அதன் வாயில் இருக்கும் சல்லடை அடைத்துக்கொண்டால் சக்கரம் மாட்டிக்கொள்ளும், அதைச் சுற்றும் டைமிங் செயின் தளரும். அப்போதுதான் இந்தச் சத்தம் வரும். சத்தத்தோடு சிவப்பு விளக்கும் வர வேண்டும். அதுதான் வரவில்லை.

எஞ்சின் காற்றை இழுக்கும் உள்மூச்சுப் பக்கத்துக்கு ஒன்று, புகையை விடும் வெளிமூச்சுப் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு ஆயில் வால்வுகள். அவள் முதலில் இரண்டையும் கழற்றினாள். சல்லடையில் கருப்பட்டிப் பாகுபோல் எண்ணெய் இறுகிக் கிடந்தது. அதைத் துடைக்கவில்லை. உள்மூச்சுப் பக்கத்து வால்வை வெளிமூச்சுப் பக்கத்திலும், அந்தப் பக்கத்து வால்வை இந்தப் பக்கத்திலும் மாற்றிப் பூட்டினாள். பட்டறைக்காரர்கள் எல்லாரும் செய்கிற சோதனைதான். பொருளில் குறை இருந்தால் பொருளோடு சேர்ந்து குறையும் இடம் மாறும். ஸ்டார்ட் செய்தாள். அதே உதறல். திரையில் அதே பச்சை. குறை இந்தப் பக்கமும் இல்லையாம், அந்தப் பக்கமும் இல்லையாம்.

அடுத்தது சென்சார். சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கண் அது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வயரைப் பிடுங்கினாள்.

வயர் அவள் கையில் இருந்தது. திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு. பதினைந்து. பதினான்கு. மெல்ல மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

வயரின் நுனியை ஒரு தடவை பார்த்தாள், திரையை ஒரு தடவை பார்த்தாள். கண் பிடுங்கப்பட்ட ஒருவன் எதிரே நின்று 'நீங்கள் கட்டியிருக்கும் சேலை நன்றாக இருக்கிறது' என்று சொன்னதுபோல் இருந்தது.

"பாபுண்ணா," என்றாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

அவர் வந்து பார்த்தார். வயரை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "ஸ்கேனர் ஹேங் ஆயிருச்சா?"

"இல்லீங்ணா. இது வேற."

வேனுக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். எல்லா வண்டிகளிலும் இருப்பதுபோல் அதிலும் 'துணை' இருந்தது. வண்டியைக் கவனித்துக்கொள்வது, சிறு குறைகளைத் தானே சரிசெய்வது, ஒரு வண்டி கற்றதை மற்ற எல்லா வண்டிகளுக்கும் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அதன் வேலை. கேட்டால் பேசும்.

"துணை, சென்சார் வயர் என் கையில இருக்குது. நீ எந்த எண்ணக் காட்டற?"

"இருக்க வேண்டிய எண்ணைக் காட்டுகிறேன், அக்கா."

வெளியே யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றபிறகுதான் அவளால் அடுத்த கேள்வியைக் கேட்க முடிந்தது.

"நெசமா அங்க எவ்வளவு இருக்குது?"

"அதைத் தெரிந்துகொள்ள இதுவரை யாரும் கேட்டதில்லை. சென்சார் சொல்வதை அப்படியே காட்டினால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் ஆட்கள் வருத்தப்படுகிறார்கள்."

"வெளக்கு எரியறதே வருத்தப்படத்தான? இத உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"பட்டறைகள்தான், அக்கா. விளக்கு எரிந்து வருகிறவர்களில் அநேகம் பேர் கேட்பது ஒன்றுதான். லைட்டை மட்டும் அணைத்துக் கொடுங்கள், மற்றதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவீர்கள். விளக்கு அணையும். அவர்கள் சந்தோஷமாகப் போவார்கள், நன்றாக வேலை செய்தார்கள் என்று பதிவு போடுவார்கள். பழுது பார்ப்பது என்றால் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது பட்டறைக்கு வராமலேயே செய்துவிடுகிறேன்."

ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த பாபுராஜின் கண் தானாகச் சுவரில் மாட்டியிருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனருக்குப் போயிற்று. பேட்டரி கழற்றுவதற்கென்றே தனியாக வைத்திருந்தது. கைபட்டுக் கைபட்டு அது ஒன்றுதான் அந்த வரிசையில் வெள்ளிபோல் மின்னியது. எல்லாப் பட்டறையிலும் அப்படி ஒன்று மின்னும்.

"ஆயிலு மாத்தணும்னு ஏன் சொல்லல?" என்று அவர் வெளியிலிருந்தே கேட்டார். குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது.

"இன்னும் நாள் இருக்கிறது என்று சொன்னால் எல்லாருக்கும் பிடிக்கிறது, அண்ணா."

வசுமதி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். இந்த வேன் ஆஸ்பத்திரி வேன். ஆஸ்பத்திரிக்கு இதேபோல் இரண்டு. ஒரே நாளில் வாங்கியவை, ஒரே எண்ணெய், ஒரே பாதை. இரண்டாவது வேன் இந்நேரம் வால்பாறையிலிருந்து புறப்பட்டிருக்கும். டயாலிசிஸுக்காகக் கீழே ஆஸ்பத்திரிக்கு வரும் ஆறு பேர் அதில். ஓட்டுகிறவர் அவள் புருஷன் திருமூர்த்தி.

"செயின் ஒரு பல்லு தாண்டிச்சுன்னா?" என்று கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும். யாராவது வேறு பதில் சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

பாபுராஜ் தலையைச் சொறிந்தார். "வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். எஞ்சின் அங்கயே கல்லு. மேட்டுல நின்னா தொலையட்டும்னு விட்டர்லாம். எறக்கத்துல நின்னா..." அவர் முடிக்கவில்லை. எஞ்சின் செத்தால் ஸ்டீயரிங் இறுகும், பிரேக் இரண்டு மிதிக்குமேல் பிடிக்காது. வால்பாறைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மிதி எதற்கும் காணாது.

திருமூர்த்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மலை தொடங்கியதும் அவர் போனை டேஷ்போர்டு அறைக்குள் போட்டு மூடிவிடுவார். அப்படிச் செய்யச் சொல்லிச் சண்டை போட்டவளே அவள்தான்.

பட்டறை லைனிலிருந்து அந்த வேனின் துணையைக் கூப்பிட்டாள்.

"சிவப்பு வெளக்கப் போடு. அவரு வண்டிய நிறுத்தட்டும்."

"வண்டியில் நோயாளிகள் இருக்கிறார்கள், அக்கா. விளக்கு எரிந்தால் பயப்படுவார்கள்."

"பயப்படட்டும்! போடு!"

"உங்களுக்கும் பதற்றமாக இருக்கிறது. வண்டி நன்றாக ஓடுகிறது. ஓட்டுநரின் நாடி எழுபத்திரண்டு, சீராக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம்."

அந்த எழுபத்திரண்டு என்ற சொல் அவ்வளவு பயத்திலும் அவள் நெஞ்சில் ஈரத்துணி போட்டதுபோல் இறங்கியது. மலைப்பாதை டிரைவர்கள் எல்லாரும் மணிக்கட்டில் நாடிப் பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம்; அதையும் வண்டியின் துணைதான் கவனித்துக்கொள்ளும். திருமூர்த்திக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு அந்தப் பட்டை அடிக்கடி சிவப்பாகி அவரை வீட்டில் உட்கார வைத்தது. சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் மனுஷர் அதைக் கழற்றி எறியாத குறைதான். போன தையிலிருந்து ஒரு தடவைகூடச் சிவப்பு இல்லை. வசுமதி மாசாணியம்மனுக்கு மாவிளக்கு போட்டுவிட்டு வந்திருந்தாள். 'உயிரோடு இருக்கிறார், நன்றாக இருக்கிறார்' என்று இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பாதி மலையில் இருக்கும் சோதனைச்சாவடிக்குப் போன் போட்டாள். காவலர் செல்லாண்டி எடுத்தார்.

"ஆஸ்பத்திரி வண்டிங்களா? இன்னும் வரலீங்களே. ஆனா அதுக்குக் கேட் தானாத் தெறந்துருமுங்க. நான் நிறுத்த முடியாது. கையக் காட்டறேன், அவரு நின்னா சரி."

"குறுக்க நில்லுங்கண்ணா."

"அக்கா, எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது."

அவள் போனை வைத்தாள். பட்டறையில் அரை டஜன் வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றின் திரையிலும் பச்சை. எதில் ஏறுவது? பாபுராஜ் மூலையில் துணி மூடிக் கிடந்த தன் பழைய பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். காலால் உதைத்துக் கிளப்புகிற வண்டி. அதில் பேசுவதற்கு யாரும் கிடையாது.

"ஏறு. திட்டறதுன்னா மேல போயித் திட்டிக்கலாம்," என்றார்.

ஆழியாறு தாண்டியதும் பனி இறங்கியது. பாபுராஜ் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்துக்கொண்டே ஏறினார். வசுமதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தாள். மேலிருந்து ஒவ்வொரு எஞ்சின் சத்தம் வரும்போதும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஜீப். அடுத்தது தேயிலை லாரி. பிறகு எதுவுமே இல்லாத நீளமான வளைவுகள். எதுவுமே இல்லாததுதான் ரொம்பப் பயமாக இருந்தது. தடுப்புச் சுவர் ஓரிடத்தில் உடைந்திருப்பதைப் பார்த்ததும் "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டாள். இறங்கி எட்டிப் பார்த்தாள். உடைசல் பழையது, செங்கல்லில் பாசி படர்ந்திருந்தது. கீழே ஒரு வரையாடு நின்று அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடியும் புல்லைக் கடித்தது.

அவளால் மறுபடியும் பைக்கில் ஏற முடியவில்லை. பாபுராஜ் ஸ்டாண்ட் போட்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு "வா சாமி," என்றார்.

அதற்கு மூன்று வளைவுகள் தாண்டி, பனிக்குள் வெள்ளையாக ஏதோ நின்றது. வேன். ஓரமாக, எஞ்சின் அணைத்து. ஊற்றுத் தண்ணீருக்குக் குழாய் வைத்திருந்த இடத்தில், தடுப்புச் சுவர்மேல் திருமூர்த்தி உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல்பொத்தான் திறந்திருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றி நனைந்திருந்தது.

"நீ எங்க அம்மிணி இங்க?" என்று எழுந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. அதை ஆத்திரமாக மாற்றிக்கொண்டாள். "போனு எதுக்குங்க வெச்சிருக்கறீங்க? ஏன் நிறுத்துனீங்க? வண்டி ஏதாச்சும் பண்ணுச்சா?"

"வண்டிக்கு என்ன கேடு? சித்த காத்து வாங்கலாம்னு நின்னேன்."

"இது ரெண்டாவது காத்துங்க அக்கா," என்று வேனின் ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டது. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் சூசை. வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்ய வருகிறவர். "மேலயும் ஒரு தடவ நின்னாரு. எங்க கிட்னிதான் பஞ்சர்னு பாத்தா, இவரு நின்னு நின்னு போறாரு. மெஷினுக்கு நேரமாகுதுன்னு சொல்லுங்க."

"எல்லாரும் எறங்குங்க," என்றாள் வசுமதி. "ஒருத்தரு பாக்கியில்லாம."

இறங்கவே மனமில்லை அவர்களுக்கு. குளிர், உடம்பு வீங்கிக் கிடந்தது. ஒரு பெண் "இன்னிக்கி விட்டா நான் ராத்திரி படுக்க முடியாது கண்ணு" என்று அழுதாள். அது பொய்யில்லை என்று வசுமதிக்குத் தெரியும். இவர்களை இறக்கி நிறுத்துவதும் ஒரு ஆபத்துதான். அவள் தப்பாக இருந்துவிட்டால்? கையில் இருப்பது ஒரு சத்தம், கழற்றிய ஒரு வயர். அவ்வளவுதான். பின்னால் வரும் அரசு பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். அது பழைய டீசல் பஸ். அதற்குத் துணை யாரும் இல்லை, கண்டக்டரைத் தவிர.

"உன்ற புருஷன நம்பல, மெஷினையும் நம்பல. அந்த ஓட்ட பஸ்ஸ நம்பற," என்றார் திருமூர்த்தி. பாதி கேலி, பாதி வருத்தம். "இங்க பாரு, எல்லாம் சரின்னு இருக்குது. ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டறேன். சத்தம் வந்தா நீ சொல்றதக் கேக்கறேன்."

"உருட்டிராதீங்க. நின்ன எடத்துலயே போடுங்க. டயருக்குக் கல்லு வெச்சப்பறம்."

பாபுராஜ் நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார். நோயாளிகள் சுவரோரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். திருமூர்த்தி சாவியைத் திருப்பினார்.

கடகடவென்று உதறியது. பட்டறையில் கேட்டதைவிட நீளமாக, நிற்காமல். "அணைங்க!" என்று அவள் கத்துவதற்குள் பேனட்டுக்கு அடியில் எலும்பு முறிந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. வேன் ஒருமுறை குலுங்கியது. அப்புறம் ஊற்றுத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

சூசை கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். எதிரே பாதை சரிந்து வளைவுக்குள் போய் மறைந்தது. வளைவுக்கு அப்பால் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. எல்லாரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செத்துப்போன எஞ்சினுக்கு மேலே திரை மட்டும் பச்சையாக எரிந்தது. "எல்லாம் சரி. பயணத்தைத் தொடரலாம்," என்றது துணை.

திருமூர்த்தி இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. பேனட்டைத் திறந்து, எதையாவது செய்ய வேண்டும் என்பதற்காக, அங்கும் இங்கும் தொட்டுப் பார்த்தார். கை கருத்ததுதான் மிச்சம்.

"ஆறு பேரு அம்மிணி," என்றார். "அடுத்த வளைவுல..."

"விடுங்க. போயிக் கை கழுவுங்க."

அவர் ஊற்றுக்குப் போனார். மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றிச் சுவர்மேல் வைத்துவிட்டு மணலால் கையைத் தேய்த்தார். குனிந்தவர் நிமிர்வதற்குள் ஒரு தடவை நின்று, சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார். வசுமதி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உடம்பிலிருந்த பயமெல்லாம் இறங்கிக் கால் வழியாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. தப்பித்துவிட்டோம். பட்டறைகளுக்கெல்லாம் சொல்ல வேண்டும், கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், எத்தனை வண்டிகள், எத்தனை மலைகள்... அதெல்லாம் அப்புறம். இவர் இருக்கிறார்.

கையைச் சுவரில் ஊன்றினாள். விரலில் பட்டை தட்டுப்பட்டது.

எடுத்துப் பார்த்தாள். உள்ளே சின்ன இதயம் ஒன்று பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டு. எழுபத்து மூன்று. எழுபத்திரண்டு.

முன்பெல்லாம் குளிக்கப் போகும்போது அவர் கழற்றி வைத்தால் அதில் வெறும் கோடுதான் இருக்கும். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பட்டை அவள் உள்ளங்கையில் கிடந்தது. அவர் இரண்டடி தள்ளி நின்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக இரண்டு தலையணை வைத்துப் படுப்பது. சாவிக்கொத்தை எடுக்கக் குனிந்தாலும் ஒரு மூச்சு. "என்னங்க செய்யுது?" என்று கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவது. "பச்சைதான அம்மிணி காட்டுது." அவர் பொய் சொல்லவில்லை. அவரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

"கையக் குடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"குடுங்க."

ஈரமான மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். காதைப்போலவே விரலையும் திறந்து வைத்தாள். ஒரு துடிப்பு. அதை முட்டிக்கொண்டு இன்னொன்று. அப்புறம் ஒன்றுமே இல்லை. அவள் மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள். ஊற்றுத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, எங்கோ ஆழத்திலிருந்து, ஒரு சின்ன உதறல்.

"என்ன அம்மிணி, முகம் இப்படிப் போகுது? என்ன சொல்லுது?"

மேலே வளைவில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. பாபுராஜ் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். நோயாளிகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

"ஆறு சீட்டு வேணுங்கண்ணா, ஆஸ்பத்திரிக்கு!" என்று சூசை கண்டக்டரிடம் கத்தினார்.

"ஏழு. நான் நின்னுக்கறேன்," என்றாள் வசுமதி. அவர் மணிக்கட்டை விடாமலே நடந்தாள். "படிய மெதுவா ஏறுங்க. பேசாதீங்க. என்மேல சாஞ்சுக்கங்க."

பஸ் உறுமிக்கொண்டு வளைவுக்குள் இறங்கி மறைந்தது. சுவர்மேல் பட்டை கிடந்தது. பனி அதன்மேல் படிந்து சொட்டாகி வழிந்தது. எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று, எழுபத்திரண்டு.